வச்சிட்டு அடி

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து ஜூரோங் போகும் பேருந்து. முன் இருக்கையில் காய்கறிப் பைகளோடு இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

“தங்கச்சி அழுதுக்கிட்டே கூப்பிட்டா. நான்தான் போனை வைக்கச் சொன்னேன்.”

“ஏன்?”

“மாடியில நான் பேசினா, கீழே கடையில மாமியார் அதே லைன்ல இருக்கிற இன்னொரு போனை எடுத்துக் கேட்பாங்க லா. அதான் யார் கூப்பிட்டாலும், வச்சிட்டுப் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடிங்கன்னு சொல்லிடுவேன். அவளுக்கும் சொல்லிட்டு, அங்கே ஓடிப்போய் உட்கார்ந்தேன். போன் வரவே இல்ல.”

“ஏனாம்?”

“பப்ளிக் போன்லேருந்து பேசியிருக்கா. கையில ஒரே ஒரு பத்துக் காசுதான் இருந்துச்சாம்.”

பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது.

“என்ன விஷயம்னு அப்புறமாச்சும் கேட்டியா?”

“கேட்டேன். ‘அது அன்னிக்கு விஷயம்க்கா, இப்ப ஒன்னுமில்ல’ங்கிறா.”