ஐயா லாக்கப்பைப் பார்க்க வர்றாரு

“...காய்ச்சலு கொசு கடிச்சாத்தான் வரும், தொட்டா வராதுன்னு டாக்டரு தொண்ட கிழிய கத்துறாரு. கோர்ட்டுக்காரங்க என்னடான்னா பத்தடி தள்ளி நின்னு லாக்கப்பைப் பாப்பாங்களாம்! பாதுகாப்பான சோதனையாம். யாருக்குடி பாதுகாப்பு? பாக்க வர்றவங்களுக்கு. உள்ள கெடக்குற நீயும் நானும் கொசுவுக்குத் தீனி!”

கோர்ட் லாக்கப்புக்கு வெளியே, பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு பொரிந்து தள்ளினாள் ஏட்டம்மா அம்சவல்லி. சிக்குன்குனியாவில் விழுந்து எழுந்த உடம்பு. முழங்கால் இன்னும் மடங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கைதி பொன்னம்மாள், மரக்காணம் உப்பளத்துக்காரி. ஊரே காய்ச்சலில் கிடக்கிறது, ஊசி போட ஒரு ஆள் இல்லையா என்று பஸ்ஸை மறித்ததுதான் குற்றம்.

“காய்ச்சல் காய்ச்சல்னு இத்தினி மாசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இன்னிக்கு மாஜிஸ்ட்ரேட் ஐயா வர்றாருன்னதும் சுண்ணாம்பு என்ன, பினாயில் என்ன, புது பல்பு என்ன! நேத்து வரிக்கும் இருட்டுல கெடந்தியே, எவனாச்சும் கேட்டானா? ...அட, அழாத. வீட்ல எல்லாரும் படுத்துக்கினு இருக்காங்க, கஞ்சி வெக்க ஆளில்லன்னு காலைலேர்ந்து சொல்ற. நான் என்னா பண்றது? ஒன் வக்கீலும்தான் படுத்துட்டாரு! ...இதக் கேளு. ஐயா வந்து ‘கொறை உண்டா’ம்பாரு. ஒண்ணும் இல்லீங்கன்னுடு. நீ ஒருத்திதான் இன்னிக்கு உள்ள. நீ எதனா சொல்லிவெச்சா எனக்கு சஸ்பெண்டு. அப்புறம்... பின்னால தண்ணித் தொட்டில புழு நெளியுதே, அத மட்டும் சொல்லிடாத தாயி. கவுத்துடலாம்னுதான் பாத்தேன். குனிய முடியல.”

கொசுமருந்து அடிக்கும் காசிலிங்கம் புகை மிஷினோடு வந்தான். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு புகை அடிக்கக் கூடாது என்று உத்தரவு. பொன்னம்மாள் வெளியே உட்கார்ந்திருந்தது அதனால்தான். மிஷின் அலறியது. வெள்ளைப் புகை வராந்தாவை விழுங்கியது. அம்சவல்லி கர்சீப்பால் மூக்கைப் பொத்தினாள், கண்ணை இறுக்கிக்கொண்டாள். வாயை மட்டும் மூடவில்லை.

“வெலங்கு எங்கன்னு கேப்பாங்க. கேக்கட்டும். மாட்டுனா திருப்பிக் கழட்டணுமே, சாவியத் திருப்ப என் வெரலு மடங்குதா? பொம்பள, எங்க ஓடப் போறான்னு விட்டுட்டேன். தப்பா? ...என்னாடி, பேச மாட்டேங்குற? கோவமா? ரெண்டு நிமிசம் ஐயா முன்னாடி நில்லு போதும். சாயங்காலம் டீயும் பன்னும் நான் வாங்கித் தர்றேன்... சரி, ரெண்டு பன்னு... ஏ பொன்னம்மா?”

புகை விலகியது. பெஞ்சில் அம்சவல்லி மட்டும்தான் இருந்தாள். பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. முன் கேட்டில் ஐயாவின் கார் திரும்பியது.

“யோவ் காசிலிங்கம்! ஓடிட்டாய்யா! மிஷின கீழ போடு... ஓடு, ஓடிப் போயி... வேணாம், இரு, இரு! மொதல்ல என்னைத் தூக்கி நிறுத்து. சல்யூட் அடிக்கணும்.”