இடது குழலுக்குரிய குண்டு

தோட்டாவுக்குத் தக்கை வெட்டத் துரைமாரின் பழைய கம்பளித் தொப்பியைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை. கொழும்பிலிருந்து வரும் தக்கை மழைக்காலத்தில் ஊறிப்போகும். தொப்பிக் கம்பளி ஊறாது. வெடிமருந்தின் மேல் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். முதலியார் அவர்களே, இதை நீங்கள் என் வாக்குமூலத்தில் எழுத வேண்டியதில்லை. நீதவான் துரைக்கு இது தேவைப்படாது. ஆனால் முதலிலிருந்து சொல்லும்படி கேட்டீர்கள். எனக்கு முதல் இதுதான்.

என் பெயர் ஸவாஹிரா. பதுளைக் கடைவீதியில் துப்பாக்கி பழுதுபார்த்த மர்ஸூக்கின் மனைவி. முன்னறையில் அவர் இரும்பு வேலை செய்வார். பின்னறையில் தோட்டா நிறைப்பது நான். கல்யாணமான சில வருடங்களிலேயே காய்ச்சல் அவர் கைகளில் ஒரு நடுக்கத்தை விட்டுப்போயிருந்தது. மருந்தை அளந்து கொட்டும் வேலைக்கு நடுங்கும் கை ஆகாது. பண்டாரவளையிலிருந்தும் பசறையிலிருந்தும் ஆட்கள் வந்து "மர்ஸூக்கின் தோட்டா" என்று கேட்டு வாங்கிப் போனவையெல்லாம் என் கையால் ஆனவை. அது வெளியே யாருக்கும் தெரியாது. சோறு உண்ணும்போது அவர் சிரித்துக்கொண்டு சொல்வார்: "பேர் எனக்கு, வேல உனக்கு. மறுமையில பங்கு பிரிப்பம்." எனக்கு அதில் குறை எதுவும் இருக்கவில்லை.

துப்பாக்கியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. பழைய துப்பாக்கிகளில் இரண்டு குழல்களும் அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலம். பிறகு வந்தவற்றில் இடது குழல் வாயருகே மயிரளவு ஒடுங்கியிருக்கும். அதைத் துரைமார் சோக் என்பார்கள். காட்டுக்கோழிக்குப் போடும் சின்ன ரவை அந்த ஒடுக்கத்தால் சிதறாமல் சேர்ந்து தூரம் போகும். சிறுத்தைக்குப் போடுவது ரவையல்ல, குண்டு, கொண்டைக்கடலை அளவு. அங்கேதான் கவனம் வேண்டும். குழல் வாயில் ஒரு தக்கையை ஒடுக்கம் வரை செருகி, அதன்மேல் மூன்று குண்டுகளை வைத்துப் பார்ப்போம். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டால் அது அந்தக் குழலுக்குரிய குண்டு. ஒன்று மற்ற இரண்டின் மேல் ஏறி நின்றால் அது உரியதல்ல. இன்னும் சின்னக் குண்டு வேண்டும். உரியதல்லாத குண்டைப் போட்டால் ஒடுக்கத்தில் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு வந்து, வெளியே திசைக்கொன்றாகப் போகும். எல்லாக் குழலும் அப்படியல்ல. சில குழல்கள் பெரிய குண்டையும் பொறுத்துக்கொள்ளும். கடதாசி கட்டிச் சுட்டுப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம்.

தெமோதரைப் பக்கத்தில் வெள்ளைப்பாறைத் தோட்டத்துத் துரை எங்கள் பழைய வாடிக்கை. அவர் பெயரை நீங்கள் எழுதிவிட்டீர்கள். நான் சொல்லத் தேவையில்லை. சென்ற வருடம் அந்தத் தோட்டத்தில் ஒரு சிறுத்தை இறங்கியது. முதலில் துரையின் நாய்கள் போயின. பிறகு கூலிச் சனங்களின் லயத்து ஆடுகளும் கன்றுகளும். கடைசியில் விறகு பொறுக்கப் போன ஒரு பெண்ணின் தோளைக் கிழித்தது. துரைக்குச் சீமையிலிருந்து புதுத் துப்பாக்கி வந்திருந்தது, இடது குழல் ஒடுங்கியது. அது சுடுவதைப் பார்க்க வரும்படி துரை என் கணவரையும் கூப்பிட்டார். பல வருடமாகத் துரைக்குக் கொடுத்து வந்த அதே நல்ல தோட்டாக்களை நான் கட்டிக் கொடுத்தேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போனார்.

அன்று பொழுது சாயுமுன் அவரைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். துரை சுட்டாராம். சிறுத்தை விழவில்லையாம். மானாப்புல்லுக்குள்ளிருந்து நேரே இவர் மேல் பாய்ந்ததாம். பாய்ந்துவிட்டு அது காட்டுக்குள் போய்விட்டது. அவர் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

விசாரணையில் துரை சொன்னது ஒரு வசனம்: தோட்டா சரியாக நிறைக்கப்படவில்லை. துரையின் வேட்டைக்குக் காடு காட்டும் வீரய்யாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, குண்டு செதறிருச்சுங்க" என்றானாம். அதோடு விசாரணை முடிந்தது.

கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் நான் இருந்தேன். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெண்ணுக்குக் கடைவீதி முழுதும் காதில் விழும். "மர்ஸூக் அவன்ட தோட்டாவாலேயே மௌத்தாப் போனான்" என்று கோப்பிக் கடையில் சொன்னார்கள். "கை நடுங்குறவனுக்கு என்னத்துக்கு அந்த வேல" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். அந்தத் தோட்டா அவருடையதல்ல, என்னுடையது என்று சுவருக்கு அப்பால் நின்று கத்த முடியுமா? என் வேலை கெட்டது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பழியை மண்ணுக்குள் இருந்தபடி அவர் சுமந்துகொண்டிருந்தார். நான் அழுதது கொஞ்சம்தான். யோசித்ததுதான் அதிகம்.

இத்தா கழிந்ததும் கடையைத் திறந்தேன். நிறைத்த தோட்டா கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். சீமையில் நிறைத்துப் பெட்டியில் அடைத்து வரும் தோட்டாக்களைக் கொழும்பிலிருந்து வரவழைத்து விற்றேன். சீமைப் பெட்டி என்றால் எல்லோருக்கும் நம்பிக்கை. ஒடுங்கிய குழலுக்குரிய சின்னக் குண்டுத் தோட்டாவில் இரண்டு பெட்டி வாங்கினேன். ஒன்றை அப்படியே வைத்தேன். மற்றதைப் பிரித்து, ஒவ்வொரு தோட்டாவின் வாய் மடிப்பையும் ஈரத்துணியால் இளக்கித் திறந்து, குண்டுகளை எடுத்துவிட்டுப் பெரிய குண்டுகளை அடுக்கினேன். மருந்தைத் தொடவில்லை. தக்கையைத் தொடவில்லை. மடிப்பைத் திரும்ப மடித்தபோது சீமையில் செய்தவனே தன் வேலை என்று சொல்லியிருப்பான். மருந்தைக் குறைத்திருக்கலாம், மண்ணைக்கூடப் போட்டிருக்கலாம். அது கள்ள வேலை. என் தோட்டாவில் பொய் எதுவும் இல்லை. அந்தக் குழலுக்கு அது உரியதல்ல, அவ்வளவுதான்.

மழை விட்டதும் சிறுத்தை திரும்பி வந்தது. ஒரு காது கிழிந்திருந்ததால் அதே சிறுத்தை என்று சனங்கள் கண்டுகொண்டார்கள். லயத்தில் விறகுக்குப் போகப் பயந்து தேயிலையில் வெட்டிய பச்சை மிலாறை அடுப்பில் வைத்துப் புகையில் கிடந்தார்கள். ஒரு நாள் மதியம் வீரய்யா கடைக்கு வந்தான். நபீலாவுக்கு என்று ஒரு கட்டு வல்லாரை கொண்டுவந்திருந்தான். நபீலா என் மகள். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"அம்மா, தொர அனுப்பிச்சாருங்க. சீமத் தோட்டா ஒரு பெட்டி வேணுமாம்."

"அதே துவக்கா?"

"அதே துப்பாக்கிதாங்க."

"எந்தக் கொழலால சுடுவாரு?"

"எப்பவும் மொத வெடி எடதுலதாங்க. எட்டத்துல நிக்கயிலேயே சுட்டுருவாரு. கிட்ட வந்தாத்தான் வலது."

"ஆரு முன்னுக்குப் போற?"

"நான்தாங்க. வேற யாரு போவா?"

வல்லாரைக் கட்டைத் திரையோரம் வைத்தான். பிறகு அவனே சொன்னான்.

"அம்மா, ஒங்க மொகத்துல முழிக்கவே எனக்குக் கூச்சமா இருக்குங்க. ஆனா சாமி சத்தியமா அன்னைக்கு நான் பொய் சொல்லலீங்க. தொர கையி நடுங்கல. நான் பக்கத்துலயே நின்னேன். ஒரு குண்டு அது காதுல பட்டுச்சு, ஒன்னு தரையில புழுதியக் கெளப்புச்சு, மிச்சமெல்லாம் தலைக்கு மேல எலையில. ஒடம்புல ஒன்னுகூட எறங்கல. மர்ஸூக் நானா நல்ல மனுசங்க. அவரு மேல குத்தஞ் சொல்லணும்னு நான் சொல்லல. பாத்தத சொன்னேன்."

"எனக்கு வெளங்குது, வீரய்யா" என்றேன். "ஊட்டுல எப்பிடி?"

"பாக்கியலெட்சுமி முழுகாம இருக்குங்க. மொதப் புள்ளைங்க."

ஒரு கடதாசியில் கற்கண்டு சுற்றி அவளிடம் கொடுக்கச் சொன்னேன். மேசைக்குக் கீழே இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கை தவறிவிடவில்லை. நான் திறந்து மூடிய பெட்டியைத்தான் எடுத்து, திரைக்கு அடியால் தள்ளினேன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.

துரை அந்த இரண்டாவது வேட்டையில் வலது குழலால் சுட்டிருந்தால் சிறுத்தை விழுந்திருக்கும். அந்தக் குண்டு அந்தக் குழலுக்கு உரியதுதான். வீரய்யாவும் வீடு திரும்பியிருப்பான். அதை நான் துரையின் விரலுக்கும் படைத்தவனுக்கும் விட்டுவிட்டேன். துரை இடது குழலின் விசையைத்தான் அழுத்தினார். சிறுத்தை முன்னால் நின்ற வீரய்யாவின் கழுத்தைப் பிடித்தது. துரை துப்பாக்கிக் கட்டையால் அடிக்கப் போய் வலது கையை இழந்தார். இனி அவர் எந்தக் குழலாலும் சுடமாட்டார்.

பாக்கியலெட்சுமியைப் பார்க்க லயத்துக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதையல்ல. ஒரு சேலையும் கொஞ்சம் அரிசியும் கொண்டு போனேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு, "ஒங்களுக்கும் இப்பிடித்தானேம்மா ஆச்சு. ஒங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் தெரியும்" என்று அழுதாள். தெரியும் என்றேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கை நடுங்கவில்லை.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. துரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தோட்டா சரியாக நிறைக்கப்படவில்லை என்று அதே வசனத்தை மறுபடியும் சொன்னார். அதைக் கேட்டு விசாரணையில் எழுதினார்கள்: சீமையில் யாரோ ஒரு தொழிலாளியின் கவனயீனம். என்னால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். நானே இந்த அரசாங்கக் கச்சேரிக்கு நடந்து வந்ததும் அதற்காகத்தான். அந்தத் தோட்டாக்களில் கவனயீனம் ஒரு துளியும் இல்லை. ஒவ்வொரு குண்டையும் பார்த்து வைத்தேன். என் கணவருக்காகச் செய்தேன். பொய்ச் சாட்சி சொன்னவனும் சொல்ல வைத்தவனும் அதே இடத்தில் அதே சிறுத்தையின் முன்னால் நின்று, கெட்ட தோட்டா என்றால் என்ன என்று ஒரு முறை தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். என் பழைய தோட்டா நல்லது என்று அப்போதாவது விளங்கும் அல்லவா. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் கையொப்பம் வைக்கிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தத் துப்பாக்கி என் கணவர் இறந்த பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. அதன் வாயில் நான் தக்கை செருகிப் பார்க்கவில்லை. சில குழல்கள் பெரிய குண்டையும் பொறுத்துக்கொள்ளும் என்று நானே உங்களிடம் சொன்னேன். அப்படியிருக்க, இந்தக் குழல் பொறுக்காது என்று எனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது என்கிறீர்கள்.

கொஞ்சம் தண்ணீர் தரச் சொல்லுங்கள்.

துரைக்குப் புதுத் துப்பாக்கி வந்த நேரம் நபீலாவின் கல்யாணப் பேச்சுக்கு வீடு நிறைய ஆட்கள். அடுப்பில் நெய்ச்சோறு. அவர் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஸவாஹிரா, தொரட இடது கொழல் ஒடுக்கம். இந்தமுற சின்னக் குண்டு போடு." சரி என்றேன். பழைய துப்பாக்கிக்கு என்று நிறைத்து வைத்த பெரிய குண்டுத் தோட்டாக்கள் மேசையில் தயாராக இருந்தன. அவற்றைத் துணியால் துடைத்து, அவர் கையில் கொடுத்தேன். அவர் என்னை நம்பினார், பிரித்துப் பார்க்கவில்லை.

வீரய்யா பொய் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைத் திரைக்கு அடியால் தள்ளும்போதே அது எனக்குத் தெரியும்.