முகப்பில் வைத்த சந்தனம்

சந்தனத்தை இன்னும் கொஞ்சம் மெல்லிசாகப் பூசியிருக்கலாம். இப்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் காரின் முகப்பில், கம்பெனி முத்திரைமேல், சந்தனமும் குங்குமமும் வைப்பேன். தென்காசியில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். சாரல் காலத்தில் அது காயாது. ஆனி பிறந்ததும் டாஷ்போர்டில் எச்சரிக்கை வர ஆரம்பித்தது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல் வேலைசெய்யவில்லை. அது இல்லாமல் என் கணவர் ஆவுடைநாயகத்துக்கு முடியாது. தொண்ணூறில் வைத்துவிட்டு, காலை மடக்கிக்கொண்டு போனில் பேசுவார்.

சர்வீஸ் சென்டரில் அவர் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு என்னை அனுப்பினார். மெக்கானிக் முகம்மது சலீம் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார், ஒயரை அசைத்தார், கடைசியில் முத்திரையை விரலால் சுரண்டிச் சிரித்தார்.

“அக்கா, ரேடார் இதுக்குப் பின்னாலதான் இருக்கு. நீங்க அதுக்குக் கண்ணைக் கட்டி விட்டிருக்கீங்க. ஸ்டியரிங்ல இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சா சாதா குரூஸா மாறிரும், எச்சரிக்கை வராது. ஆனா முன்னால எது நின்னாலும் பிரேக் பிடிக்காது. அண்ணாச்சிட்ட மறக்காமச் சொல்லிருங்க.”

மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினேன். சந்தனத்தைத் துடைத்துக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தேன். “அவரு என்ன சொல்லுதாருன்னா…”

“சுருக்கமாச் சொல்லுட்டி. ஒங் கதையெல்லாம் எவன் கேப்பான்?”

பதினோரு வருடமாக என்னைப் பூட்டி வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். ‘அம்மா போயிட்டா’ என்று இரண்டே வார்த்தையில் சொன்னவள் நான். புளியங்குடியில் இருந்த என் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய், பிணத்தை எடுத்த கையோடு திரும்பக் கூட்டிவந்தார். கடையநல்லூர் வருவதற்குள் அழுது முடிக்கச் சொன்னார். முடித்தேன்.

“மறுபடி எச்சரிக்கை வந்தா இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிக்கணுமாம், போயிருமாம்” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போலச் சந்தனம் வைத்தேன். கொஞ்சம் தடிப்பாக. சாமி காரியத்தில் கருமித்தனம் கூடாது.

மறுநாள் காலை, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு முன்னால் ஒரு தக்காளி டெம்போ நின்றுகொண்டிருந்தது. என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே போய்விட்டது. டெம்போவின் பின்னால் கயிறு கட்டிக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு என்பவர் இறந்துபோனார். அவரை எனக்குத் தெரியாது. அவர் அங்கே நிற்பார் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

வழக்கு என் கணவர்மேல். சலீம் துபாய்க்குப் போய்விட்டார்.

இவரை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்கு மருந்து, வேளைக்குக் கஞ்சி. நேற்று முதுகைத் துடைத்துவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருதாரு. அந்த மெக்கானிக் உன்ட்ட என்ன சொன்னாம்னு ஒண்ணுவிடாமச் சொல்லிரு. இல்லைன்னா செயிலுக்குப் போயிருவேம்ட்டி.”

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கையை விடுவித்துக்கொண்டு, போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

“சுருக்கமாச் சொல்லிருதேன்” என்றேன். “மாட்டேன்.”