நீச்சலுக்கு ஈடாக ஒரு பாடம்

அந்த நாற்காலியில் உட்காருங்கள், டெபுடி. மெத்தை நானே தைத்துப் போட்டது. கல்லூரி கொடுத்த நாற்காலியில் யாருக்கும் உட்காரப் பிடிக்காது. வந்த காரியம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் மாணவன் டிராவிஸின் உடலை ஏரியிலிருந்து தூக்கிய போலீஸ்காரர் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். விபத்து என்று எழுதி முடிக்கப்போகிறீர்கள். அதற்கு முன்னால் இந்தப் பதிவு அலுவலகத்தில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

இங்கே யார் எதைப் படித்தாலும், பட்டம் வேண்டுமென்றால் சில பொதுப் பாடங்களை முடித்தே ஆகவேண்டும். கணக்கு, ஓர் அறிவியல், ஓர் அயல்மொழி, ஏதாவது ஒரு கலை. இவற்றோடு நீச்சல். மினசோட்டாவில் ஏரிக்கரையில் கல்லூரி கட்டியவர், நீந்தத் தெரியாதவனுக்குப் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். விதி இன்னும் இருக்கிறது. வேறு கல்லூரியில் பாதி படித்துவிட்டு வருகிறவர்கள், அங்கே முடித்த பாடத்தை இங்கே எதற்கு ஈடாக வைக்கலாம் என்று என்னிடம் வருவார்கள். அங்கே பானை வனைந்திருந்தால் அது கலைக்கு ஈடு. பாறைகளைப் பற்றிப் படித்திருந்தால் அறிவியலுக்கு ஈடு. நான் பதிந்தால் முடிந்தது.

என் கணவர் ராய் இறந்த பிறகு என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். கடையில் "பை வேணுமா?" என்பார்கள். சர்ச்சில் கை குலுக்குவார்கள். வார இறுதி முழுக்க என் குரலை நானே கேட்காமல் இருந்ததுண்டு.

டிராவிஸ் ஒலிவாரெஸ் டெக்சஸ்காரன். அங்கே ஒரு கல்லூரியில் பாதி படித்து, சில வருடம் லாரி ஓட்டிவிட்டு, மீதியைப் படிக்க இங்கே வந்தவன். என்னை "மிஸ் மார்லிஸ்" என்பான். இந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

முதல் நாளே என் மதியச் சாப்பாட்டை எட்டிப் பார்த்தான்.

"என்ன மிஸ் மார்லிஸ், வெள்ளை ரொட்டி, வெள்ளை சீஸ், வெள்ளை முட்டைக்கோஸு. உங்க ஊர்ல காரம் சாப்ட்டா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்களா?"

"எங்களுக்குக் கெச்சப்பே காரம்தாம்ப்பா."

அடுத்த வியாழக்கிழமை அவன் அம்மா ஊறப்போட்ட மிளகாய் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். கண்ணில் நீர் வரச் சாப்பிட்டேன். "அழாதீங்க, எங்கம்மா இதைப் பாத்தா இன்னொரு பாட்டில் அனுப்பிரும்" என்று சிரித்தான்.

அவனுடைய பாடங்கள் எல்லாவற்றையும் அன்றே பதிந்திருக்கலாம். பதிந்திருந்தால் அடுத்த வியாழக்கிழமை அவன் எதற்கு வரப்போகிறான்? அதனால் ஒவ்வொன்றாகப் பதிந்தேன். கமிட்டி கேட்கிறது, பேராசிரியர் ஊரில் இல்லை, இப்படி ஏதாவது சொல்வேன். அவனும் உட்கார்ந்து பேசுவான். அவனுக்கும் இங்கே யாரும் இல்லை. அது அவனுக்கும் நல்லதாகத்தான் இருந்தது.

கடைசியில் நீச்சல் ஒன்றுதான் மிச்சம். சின்ன வயதில் மாட்டுத் தொட்டியில் விழுந்து பிழைத்தவன் அவன். தண்ணீரென்றால் நடுக்கம். டாக்டர் கொடுத்த சீட்டும் இருந்தது, முதலுதவி வகுப்பு முடித்ததும் இருந்தது. இரண்டையும் வைத்து, நீச்சலுக்கு ஈடாக முதலுதவியை எடுத்துக்கொள்ளும்படி கமிட்டியைக் கேட்டோம். கமிட்டித் தலைவர் ஹால்வர் யோசிக்கவே இல்லை. "குடுத்துரு மார்லிஸ், பாவம்" என்றார்.

டிராவிஸிடம் நான், "கமிட்டி ஒத்துக்கலப்பா" என்றேன்.

கெட்ட எண்ணமில்லை, டெபுடி. இலையுதிர் காலத்தில் நீச்சல் தொடக்க வகுப்பு இருக்கிறது, நல்ல ஆசிரியை. அதுவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வாத்தியார் வேலை காத்திருந்தது வாஸ்தவம். மே மாதம் பட்டம் இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வேலை எங்கும் கிடைக்கும்.

அவன் என் மேஜைக் காலண்டரில் மே மாதத்தைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "வகுப்புக்குப் போகாம நேரா நீந்திக் காட்டினா விட்ருவாங்கல்ல?" என்றான்.

"விடுவாங்க. காலேஜ் நீச்சல் குளத்துல போய்ப் பழகு."

"அந்தப் பொடிப்பசங்க முன்னாடியா? கிழவன் தண்ணில தத்தளிக்கிறான்னு படம் புடிச்சுப் போடுவானுங்க. ஏரியிலயே பழகிக்கிறேன். ஐஸெல்லாம் போயிருச்சு, வெயில்ல பளபளன்னு கெடக்கு."

உங்களுக்குத் தெரியும், டெபுடி. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். பனி உடைந்த வாரம் ஏரி பார்க்க அழகாகத்தான் இருக்கும். உள்ளே இறங்கினால் அந்தக் குளிரில் மூச்சு நின்றுவிடும், கை கால் வராது. நம் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இதைச் சொல்லி வளர்க்கிறோம். டெக்சஸில் யார் சொல்வார்கள்?

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், வேறு வழியில்லையா என்று ஹால்வரிடமே போய் நிற்பான். எல்லாம் வெளியே வந்துவிடும். காலை வைத்ததும் பயந்து ஓடிவந்துவிடுவான், சரி இருந்துவிட்டே போகிறேன் என்று இதே நாற்காலியில் உட்காருவான் என்று கணக்குப் போட்டேன்.

"துண்டு எடுத்துட்டுப் போ" என்றேன்.

சிரித்தான். "நீங்க இல்லைன்னா இந்த ஊர்ல என்னைக் கேக்க நாதி இல்ல, மிஸ் மார்லிஸ்."

அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் வாயால் சொன்னது.

இறந்தவனுக்குப் பட்டம் கொடுப்பதென்று கல்லூரி முடிவு செய்திருக்கிறது. நீச்சலுக்கு ஈடாக முதலுதவி என்று நேற்றுத்தான் பதிந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஹால்வர் எப்போதோ சரியென்றார், நான்தான் மறைத்தேன். அந்தத் தண்ணீர் ஆளைக் கொல்லும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். இவ்வளவுதான். எழுதிக்கொண்டீர்களா?

என்னை அழைத்துப் போவதென்றால் வெள்ளிக்கிழமை வாருங்கள். பட்டத்தை வாங்கிக்கொள்ள அவனுடைய அம்மா வியாழக்கிழமை வருகிறார். பாவம், தனியாள். இன்னொரு மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய கையெழுத்து சில இடங்களில் வேண்டியிருக்கும். ஒரே நாளில் முடிகிற காரியமில்லை அது, திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.