எலும்பை ஏமாற்றும் ஈயம்

புகை சூழ்ந்த ஊரில் துணிந்து கூட்டம் கூட்டிய தலைவர் நடராசன் அவர்களே! அருகமர்ந்த ஆன்றோரே! கிளியனூரின் தாய்மாரே! பாயில் அமர்ந்து பயத்தை மடியில் மறைத்திருக்கும் தங்கைமாரே! கோட்டக்குப்பத்தில் பிறந்து திண்டிவனத்தில் மருத்துவம் பார்க்கும் தஸ்லீமாவின் வணக்கம்!

உங்களை அச்சுறுத்த வந்தேனா? ஆம், அதற்கென்றே வந்தேன்!

முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருக்கிறாளே கலைப்பிரியா, அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். இவ்வூரில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் கொட்டகையில் கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்தவள். அதை விட்டுச் சில ஆண்டு கழித்து, வயிற்றில் பிள்ளையோடு என்னிடம் வந்தாள். கை கால் குடைச்சல், வெளிறிய முகம். ரத்தத்தைச் சோதித்தேன். ஈயம்!

"அங்க போறதையே உட்டுட்டேனே டாக்டர்! இப்ப எங்கேர்ந்து வந்துது?" என்றாள்.

எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தா? கிணற்றிலிருந்தா? பெரும்பங்கு அவள் எலும்பிலிருந்தே வந்தது, தாய்மாரே! கால்சியத்தை உணர்ந்து உணர்ந்து எலும்பைக் கட்டுபவை எலும்பின் உயிரணுக்கள். ஈயமோ கால்சியத்தின் வேடம் கட்டி வரும்! காவல் ஏமாறும், கதவு திறக்கும், கள்வன் குடியேறுவான். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடப்பான். கருவிலிருக்கும் பிள்ளைக்குத் தாயின் எலும்பு கால்சியம் கொடுக்கும்போது, கூடவே கிளம்புவான்!

என்ன கேட்கிறீர்கள் அம்மா? பால் குடித்தால் போதாதா? குடியுங்கள், கேப்பைக் கூழும் குடியுங்கள், ஈயம் கிளம்பும் வேகம் குறையும். விஷம் போய்விடாது.

"அப்போ என் எலும்பே என் புள்ளைக்கு விஷம் குடுத்துக்கினு இருக்குதா?" என்றாள் கலைப்பிரியா. அவள் கணவர் திருமுருகனுக்கு அப்போதும் அதே கொட்டகையில்தான் வேலை. "ஈயத் தூசு படிஞ்ச இந்தச் சட்டையோடதானே டாக்டர் தெனம் வூட்டுக்குள்ள போறேன்?" என்றவர், அங்கேயே சட்டையைக் கழற்றிச் சுருட்டினார். அதன்பின் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

மகள் பிறந்தாள். எடை குறைவு. அந்தப் பிஞ்சு ரத்தத்திலும் ஈயம்! இப்போது குறைந்து வருகிறது, சிரிக்கிறாள், தவழ்கிறாள். நாளை எப்படிப் பேசுவாள்? எப்படிப் படிப்பாள்? எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னை நடுங்க வைக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கொட்டகையில் ஒரு நாளாவது வேலை செய்த பெண்கள் கை தூக்குங்கள். வெட்கம் வேண்டாம்.

ஒரு கை... அதோ, பின்னால் இன்னும்... யா அல்லாஹ்! பந்தல் ஓரம் வரை இத்தனை கைகளா? நிறைமாதத் தங்கையே, நீயுமா?

இறக்காதீர்கள்! ரத்தம் எடுக்க ஊசியோடுதான் வந்திருக்கிறேன். இதோ இறங்கி வருகிறேன். தலைவர் அவர்களே, மீதிப் பேச்சு கிடக்கட்டும். கேட்ட செவிகளுக்கு நன்றி; அஞ்சியும் உயர்ந்த ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம்!