ஜக்குஸியில் எண்ணெய்க் குளியல்

சீயக்காய்த் தூள் ஜக்குஸிக் குழாய்க்குள் போய்விட்டால் லேசில் வெளியே வராது, சார். என் கணவர் மாதவராஜ் எப்படிச் செத்தார் என்று கேட்கிறீர்கள். அந்தத் தொட்டியை நான் எப்படிக் கழுவினேன் என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

பெங்களூருக்குத் தக்காளி லோடு ஏற்றிப் போனவர், அங்கே ஓர் ஓட்டலில் இதில் குளித்துவிட்டு வந்தார். இரண்டே மாதத்தில் எங்கள் ஊர் இண்டூரில் வீட்டுக் குளியலறைச் சுவரை இடித்து ஒன்றை உள்ளே இறக்கிவிட்டார். மோட்டார் போட்டால் எட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். சோப்பையே அளவாகப் போடச் சொன்னான் விற்றவன். இவரோ சனிக்கிழமை தவறாமல் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, கிண்ணம் நிறையச் சீயக்காயோடு இறங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை நான் இறங்குவேன், பழைய பல் விளக்கும் பிரஷ்ஷோடு. ஒவ்வொரு மூடியாகத் திருகி எடுத்து, உள்ளே திரண்டிருக்கும் கறுப்புப் பிசுக்கை நோண்ட வேண்டும். எங்கள் போர் தண்ணீர் வேறு உப்பு. எலுமிச்சை, வெந்நீர் என்று எல்லாம் போட்டுத் தேய்த்து முடித்து, மோட்டாரைப் போட்டுப் பார்த்தால் மறுபடியும் கறுப்புச் செதில் மிதக்கும். வடித்து, நிரப்பி, மறுபடியும் தேய்த்து, செவ்வாய்க்கிழமை வரை இழுத்துவிடும். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வரும்.

“ஏங்க, எண்ணெய வெளியவே அலசிட்டு அப்பறமா எறங்குங்களேன்” என்றேன்.

“வூட்ல சும்மாதான இருக்கற? கழுவுனா கை தேஞ்சா போயிடும்?” என்றார்.

நான்கு வருடம், சார். நான் சண்டைக்காரி இல்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் கழுவும்போது சுர்ரென்று கையை இழுத்தது. எலக்ட்ரீஷியன் சிவக்குமாரை நான்தான் வரச் சொன்னேன். அவன் மோட்டாரைப் பார்த்தான், வீட்டுக்குப் பின்னால் எர்த் குழியையும் பார்த்தான்.

“அக்கா, மோட்டார்ல கரண்ட் லீக் ஆவுதுங்க. எர்த்து குழியும் காஞ்சு கெடக்குது, ஈரம் இருந்தாத்தான் லீக் ஆவற கரண்ட் மண்ணுக்குள்ள எறங்கும். தெனம் ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க. திங்கக்கெழம புது மோட்டார் மாட்டிடறேன். அதுவரைக்கும் அண்ணன டப்புல எறங்க வேணாம்னு சொல்லிடுங்க.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். அன்று சாயங்காலம் இவரே கேட்டார்.

“சிவக்குமார் வந்தானாமே, என்ன சொன்னான்?”

“ஒன்னுமில்லைங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம்.”

தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் அந்தக் குழி ஓரமாகத்தான் போகும். மண்வெட்டியால் வாய்க்காலை வாழைப் பக்கம் திருப்பிவிட்டேன். வாழை வாடிப்போயிருந்தது, பாவம். குழியில் ஒரு சொட்டுகூட நான் ஊற்றவில்லை.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் எண்ணெயோடு இறங்கினார். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கிறது. “வாணி, மோட்டாரப் போடு” என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார், நான் போடுவேன். அன்றும் கொடுத்தார், அன்றும் போட்டேன்.

தண்ணீர் தளும்பி, கதவுக்கு அடியில் எண்ணெயும் சீயக்காயுமாக என் கால்வரை வந்தது. ‘வா’ என்று ஒரு சத்தம் கேட்டது. முழுப்பெயர் வரவில்லை. என் கை சுவிட்ச்மேல்தான் இருந்தது. அணைக்கக் கூடாது என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அவ்வளவு நேரம் காத்திருந்தேன். ‘இனிமே நானே கழுவிக்கறேன்’ என்று அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, சார்.