ஆப்பிள் மரத்துக்கு ஓய்வு

மாம்பழம் எனக்குப் பிடிக்காது. சாறு முழங்கை வரை வழிய, பல்லிடுக்கில் நாரை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் ஈயை ஓட்டியபடி மனிதர்கள் அதைத் தின்பதைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பலாவும் அப்படித்தான். வீட்டில் பலாப்பழம் அறுத்தால் அந்த வாடை போகும்வரை நான் களத்து மேட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன். நீதிபதி அவர்களே, இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் அருவருப்பு அதிகம் உள்ளவன். கெட்டவன் அல்ல. பாகூரில் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். துபாஷி சூசைநாதன் இந்த வித்தியாசத்தைப் பிரெஞ்சில் சரியாகச் சொல்லிவிடுவார் என்று நம்புகிறேன். எனக்கு வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான் பிரெஞ்சு வரும்.

என் பெயர் சுப்பராயலு. ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறேன். என் மனைவி அமுதம். அவளுக்கு நேர்ந்ததைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆனால் மரத்தைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

புதுச்சேரியில் முசே லெகார் என்று தமிழ் பேசத் தெரிந்த ஒரு வயதான துரை இருந்தார். காணி விஷயமாக அவர் வீட்டுக்குப் போனபோது கப்பலில் வந்த ஆப்பிள் ஒன்றை நறுக்கித் தட்டில் வைத்தார். அதுவரை நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கையில் ஒட்டவில்லை, சொட்டவில்லை, ஈ வரவில்லை. கடித்தால் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. இப்படியும் ஒரு பழம் இருக்க முடியுமா என்று நான் வாய்விட்டே கேட்டேன். பெங்களூர்ப் பக்கம் அது விளைகிறது, கன்று தருவித்துத் தருகிறேன் என்றார். தந்தார்.

கன்றைக் கொல்லைக் கிணற்றின் ஓரம் நட்டேன். உரத்துக்கு மணப்பட்டிலிருந்து தனக்கொடி என்ற மீன்காரி கூடையில் மீன் கழிவு கொண்டுவந்து போடுவாள். செவுளும் குடலும் கறுத்த ரத்தமுமாகக் குழியில் அது புழு நெளியக் கிடக்கும். "இன்னா அய்யா, ஊரெல்லாம் மீன கேக்குது, நீங்க நாத்தத்தக் கேட்டு வாங்குறீங்க" என்று சிரிப்பாள். மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நானே அதை மண்ணில் மூடுவேன். ஒரு சுத்தமான பொருளுக்காக அசிங்கத்தைச் சகித்துக்கொள்ள என்னால் முடியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மரம் தளதளவென்று வளர்ந்தது. ஆனால் பூக்கவில்லை. காய்க்காத மரத்தில் விளக்குமாற்றையும் பழஞ்செருப்பையும் கட்டித் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மானம் பொறுக்காமல் காய்த்துவிடுமாம். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். என் ஆப்பிள் மரத்தில் எவனோ மிதித்த செருப்பா என்று எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நான் முசே லெகாரிடம் போனேன்.

அவர் சொன்னது எளிமையானது. குளிர் நாட்டில் இந்த மரம் பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். உங்கள் ஊரில் குளிர் இல்லை, அதனால் அது தூங்குவதே இல்லை. தூங்காத மரம் காய்க்காது. தண்ணீரை நிறுத்துங்கள், இலை எல்லாவற்றையும் கையால் உருவிவிடுங்கள், செத்துவிட்டோம் என்று மரமே நம்பவேண்டும், பிறகு தண்ணீர் விடுங்கள் என்றார். இதற்கு ஓய்வு என்று பெயர்.

தை மாதம் அப்படியே செய்தேன். மாசியில் தண்ணீர் காட்டினேன். பங்குனியில் மரம் பூத்தது. மொட்டைக் கிளையில் வெள்ளையாக, ஓரத்தில் லேசான சிவப்போடு. என் வாழ்நாளில் நான் அழுதது அன்று ஒருநாள்தான்.

ஆடியில் ஒரே ஒரு பழம் தேறியது. நறுக்கி அமுதத்துக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பச்ச வெள்ளரிக்காயாட்டம் சப்புனு கீது. இதுக்கா இம்மாம் பாடு" என்று சிரித்தாள். அவள் எப்போதும் சிரிப்பாள். மாவு இடிக்கும்போதும், நாற்று நடுகிறவர்களோடும், தனக்கொடியோடும். எண்ணெய் வழிகிற தலை, வியர்வையில் நனைந்த ரவிக்கை, வாய் நிறைய வெற்றிலை. ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பின்போதுதான் எனக்குப் புரிந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. இவளும் தூங்காத மரம்.

குழந்தை என்றால் எனக்கு உயிர் என்று பொய் சொல்லமாட்டேன். மூக்குச்சளியும் ஈரத்துணியும் பால் கக்கிய நாற்றமும் எனக்கு ஆகாது. ஆனால் ஊர் கேட்டது. அவளும் கோயில் கோயிலாகப் போய் வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் செய்தேன்.

அடுத்த தை வந்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தாள். மீன் உரத்தின் வாடை பட்டதும் கிணற்றடியில் உட்கார்ந்து குமட்டுவாள். மஞ்சளாக, நூல் நூலாக, என் மரத்தின் வேருக்குப் பக்கத்தில். அதைப் பார்த்த பிறகு அவள் கையால் எனக்குச் சாப்பிட முடியவில்லை. உடம்பில் சேர்ந்த அழுக்கு வெளியே வருகிறது, இதுதான் சமயம் என்று நினைத்தேன். மரத்துக்கு இலை உருவிய அன்றே அவளையும் நெல் குதிர் இருக்கும் அறைக்கு அழைத்துப் போனேன். தலைமுடியைக் கத்தரித்தேன். அந்த முடி தரையில் கிடந்ததைக் குச்சியால் தள்ளித்தான் என்னால் எடுக்க முடிந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

காலையில் கொஞ்சம் கஞ்சி, ஒரு வாய் தண்ணீர். பிறகு கஞ்சியை நிறுத்தினேன், அப்புறம் தண்ணீரையும். நான் ஒருநாளும் அவளை அடித்ததில்லை, கடிந்துகூடப் பேசியதில்லை. விசாரித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற வேலம்மாள் மட்டும் ஓயாமல் வந்து நின்றாள். "ஐயா, அம்மாவ இந்த நேரத்துல பட்டினி போடாதீங்கய்யா. பாவம்யா. ஒரு சொம்பு தண்ணியாச்சும் குடுத்துடறேன்." எந்த நேரம் என்று நான் கேட்கவில்லை. வேலைக்காரியிடம் விளக்கம் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. கதவுக்கு அடியில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டிருந்தவளைப் பிடித்து வீட்டை விட்டு அனுப்பினேன். துணியின் மறுமுனையை அமுதம் உள்ளே சப்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஒரு மனுஷி அப்படிச் செய்யலாமா.

மாசியில் மரத்துக்குத் தண்ணீர் விட்டேன். அவளுக்கும் விடவேண்டும் என்று செம்போடு போய்க் கதவைத் திறந்தேன். திறந்ததும் மூடிவிட்டேன். அந்த வாடையை இங்கே விவரிக்கமாட்டேன். கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அதற்குள் வேலம்மாள் யாரையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் ஓடவில்லை. பூட்டியது நான், தண்ணீரை நிறுத்தியது நான், அவள் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அறுத்துப் பார்த்த டாக்டர் அவள் வயிற்றில் மூன்று மாதக் கரு இருந்தது என்கிறார். அப்படியானால் முறை பலித்திருக்கிறது என்றுதானே அர்த்தம். பூட்டுவதற்கு முன்பே அது இருந்திருக்கிறது என்று அவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு உடம்பு தெரியும். ஓய்வு தெரியாது.

இருந்திருந்தால் அவள் முன்பே சொல்லியிருக்க மாட்டாளா என்று நான் கேட்டேன். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று இந்தப் பெண்கள் மூடி மூடி வைப்பார்களாம். வேலம்மாள் உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். நல்ல வழக்கம். யார் உயிரை அது காப்பாற்றியது?

பூட்டிய பிறகாவது சொல்லவில்லையா என்று இப்போது கேட்கிறீர்கள். சொன்னாள். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. பூட்டிய அன்றே சொன்னாள், மறுநாளும் சொன்னாள், குரல் இருந்தவரை அதை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, நான் முழுகாம இருக்கேங்க. கதவத் தொறங்க."

குளிக்கத் தண்ணீர் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே போன நாளிலிருந்து அவள் குளிக்கவில்லை. அது உண்மைதானே. ஓய்வில் இருக்கும்போது தண்ணீர் காட்டினால் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

சூசைநாதன் ஏன் நிறுத்திவிட்டார்? அவர் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. அவரும் தமிழர்தான், தெரியும். ஆனால் அவர் வேலை, சொன்னதைச் சொன்னபடி சொல்வது. அவள் முழுகவில்லை என்றாள், அவ்வளவுதான். அதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். பிரெஞ்சில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.